ஊனமும் உயிரும்: குஜராத்தின் பிஞ்சராபோல்களும் சபர்மதிக் கன்றும்

உழைப்புக்கும் விற்பனைக்கும் உதவாமற்போன விலங்கை, அது தானாக இறக்கும் நாள்வரை ஊரார் செலவில் ஓரிடத்தில் வைத்துத் தீனியும் தண்ணீரும் கொடுத்துக் காக்கும் வழக்கம், மேற்கிந்திய வணிக நகரங்களில் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக எழுத்துச் சான்றுடன் தொடர்ந்து வந்திருக்கிறது. குஜராத்தில் பாஞ்சராபோள் என்றும், சென்னை உள்ளிட்ட பிற ஊர்களில் பிஞ்சராபோல் என்றும் வழங்கும் இந்தக் காப்பகங்களின் வரலாற்றைப் பெரும்பாலோர் பசுப் பாதுகாப்பின் ஒரு கிளைக்கதையாகவே எழுதியிருக்கின்றனர். ஆனால் இன்று முதுகுத்தண்டு முறிந்த நாயையோ பின்னங்கால்கள் செயலிழந்த பூனையையோ மேசைமேல் கிடத்திவிட்டு வளர்ப்பவரும் கால்நடை மருத்துவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் வேளையில் எழுகிற கேள்வியின் வரலாறும் இதனுள்தான் இருக்கிறது. அந்தக் கேள்வி உண்மையில் இரண்டு கேள்விகளின் கலவை: ஊனம் என்பது ஓர் உயிரை முடித்துவைக்கப் போதிய காரணமாகுமா என்பது ஒன்று, மீட்சியில்லாத வேதனை அதற்குக் காரணமாகுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பிஞ்சராபோல் மிகப் பழங்காலத்திலேயே ‘ஆகாது’ என்று விடை சொல்லிவிட்டது. இரண்டாவதைக் காதில் வாங்கவே அது மறுத்தது. அதே நூற்றாண்டுகளில் ஐரோப்பா இரண்டாவதற்கு ‘ஆகும்’ என்று கூறியதோடு, முதலாவதையும் அதனுள்ளேயே கரைத்துவிட்டது. இரண்டையும் பிரித்துவைத்து வாதிட்ட நிகழ்வு 1928இல் அகமதாபாத்தில், பிஞ்சராபோலின் தாயகத்திலேயே நடந்தது.

விலங்கு மருத்துவமனைகளை முதலில் கட்டியவர் அசோகர் என்று பாடநூல்கள் சொல்வதுண்டு. குஜராத்தின் கிர்நாரில் உள்ள பாறையிலும் காணப்படும் அவருடைய இரண்டாம் பாறைச் சாசனம், மௌரியப் பேரரசுக்குள்ளும், சோழர், பாண்டியர் முதலிய எல்லைப்புற அரசுகளின் நாடுகளிலும் மனிதர்க்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்யப்பட்டதையும், மூலிகைகள் வரவழைக்கப்பட்டு நடப்பட்டதையும் குறிப்பிடுகிறது. கட்டடங்களைப் பற்றியோ, குணமாகாத விலங்கைச் சாகும்வரை வைத்துக் காப்பதைப் பற்றியோ அதில் பேச்சில்லை. சிகிச்சை என்பது குணப்படுத்தும் நோக்குடையது. குணமாகாது என்று தெரிந்த பின்னும் வைத்துக்கொள்வது வேறு வகையான செயல். பிஞ்சராபோல் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதன் வேர் அரசாணையில் அன்றி, சமண, வைணவ வணிகச் சமூகங்களின் ஜீவதயை என்னும் அறத்தில், அதாவது எல்லா உயிர்களிடத்தும் காட்ட வேண்டிய இரக்கத்தை அன்றாடக் கடமையாகக் கொள்ளும் நெறியில் இருந்தது.

இத்தாலியப் பயணி பியேத்ரோ தெல்லா வல்லே 1623இல் காம்பே துறைமுகத்தில், அதாவது இன்றைய கம்பாத்தில், கண்டவற்றை விரிவாக எழுதிவைத்திருக்கிறார். அடிபட்ட பறவைகளுக்கென அங்கே ஒரு தனி இல்லம் இருந்தது. குணமான காட்டுப் பறவைகள் பறக்கவிடப்பட்டன, வீட்டுப் பறவைகள் பக்தியுள்ள எவரிடமேனும் ஒப்படைக்கப்பட்டன. தாயை இழந்த எலிக்குஞ்சுகள் சிலவற்றை ஒரு பெட்டியில் பஞ்சுக்கிடையே வைத்து, மூக்குக்கண்ணாடி அணிந்த வெண்தாடிக் கிழவர் ஒருவர், அவை வேறெதையும் உண்ண இயலாத அளவுக்குச் சிறியனவாக இருந்ததால், பறவை இறகால் பாலைத் தொட்டு ஊட்டிக்கொண்டிருந்ததை அவர் பார்த்தார். நோயுற்றனவும் முடமானவுமான ஆடுகளுக்கு வேறோர் இல்லம் இருந்தது. கால்நடைகளுக்கான இடத்தில், தண்டனையாக இரு கைகளும் வெட்டப்பட்ட ஒரு திருடனையும் விலங்குகளோடு சேர்த்துப் பராமரித்துவந்தனர். இந்தக் கடைசிச் செய்தி கவனிக்கத்தக்கது: அந்த இல்லத்தை நடத்தியோர் உள்ளே வருபவரின் இனத்தையோ பயனையோ குற்றத்தையோ பார்க்கவில்லை, தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாத நிலை ஒன்றே போதிய தகுதியாக இருந்தது.

பின்னர் வந்த ஐரோப்பியர் சூரத் நகரத்துக் காப்பகத்தைப் பற்றி எழுதியவற்றில் கேலியே மிகுதி. 1689இல் சூரத்திற்கு வந்த பாதிரியார் ஜான் ஓவிங்டன், மூட்டைப்பூச்சிகளுக்கும் தெள்ளுப்பூச்சிகளுக்கும் இரை கிடைக்க வேண்டும் என்பதற்காக ஓர் ஏழைக்குக் கூலி கொடுத்து இரவு முழுவதும் கட்டிலில் கட்டிக் கிடத்துவார்கள் என்று எழுதினார்; அந்த ஒரு செய்தியே இருநூறு ஆண்டுகள் ஐரோப்பிய நூல்களில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டு, அங்கே படுத்திருந்த கிழட்டு எருதுகளையும் கால் ஒடிந்த குதிரைகளையும் வாசகர் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. வால்டர் ஹாமில்டன் 1820இல் வெளியிட்ட இந்திய விவரண நூல், அக்காப்பகத்தில் 1772இல் குதிரைகள், கோவேறு கழுதைகள், எருதுகள், ஆடுகள், குரங்குகள், கோழிகள், புறாக்கள் ஆகியவற்றோடு, 75 ஆண்டுகளாக அங்கேயே இருந்துவந்ததாகக் கூறப்பட்ட ஓர் ஆமையும் இருந்ததைப் பதிவு செய்கிறது. ஓர் ஆமைக்கு 75 ஆண்டுகள் தீனி போடுவதென்றால், தலைமுறை மாறினாலும் கணக்கு மாறாத ஒரு நிதி ஏற்பாடு தேவை; வியப்புக்குரியது ஆமையைவிட அந்த ஏற்பாடுதான்.

அந்த ஏற்பாட்டின் பெயர் லாகா. ஒவ்வொரு நகரத்திலும் வணிகர் குழுமமாகிய மகாஜனம், பருத்தி, தானியம் முதலிய சரக்குகளின் கொள்முதல் மீது ஒரு சிறு வீதத்தை விதித்துக்கொண்டு, அத்தொகையைப் பிஞ்சராபோலுக்கு ஒதுக்கியது. இதை வசூலிக்க அரசு ஆணை எதுவும் இல்லை. செலுத்தாதவரை ஒதுக்கிவைக்கும் சமூக அழுத்தமே போதுமானதாக இருந்தது. இதனால் ஒரு வண்டிக்காரரின் எருது முடமானால், அதை வைத்துக் காப்பதா கசாப்புக்கு விற்பதா என்ற முடிவு அவருடைய கைப்பணத்தைப் பொறுத்ததாக இல்லை. காப்பகத்து வாசலில் விட்டுச் செல்லலாம், மேற்கொண்டு ஆகும் செலவை நகரத்தின் வணிகம் ஏற்றுக்கொண்டது. இருப்பினும் உள்ளே போன விலங்கு என்ன அனுபவித்தது என்பதைப் பற்றி இந்த ஏற்பாடு மிகக் குறைவாகவே கவலைப்பட்டது. காயத்தில் புழு வைத்து, எழுந்திருக்க இயலாமல், வாரக்கணக்கில் கிடந்து சாகும் மாட்டையும் அது சாகவிட்டதே தவிர, முடித்துவைக்கவில்லை. சமணக் கொள்கைப்படி ஒவ்வோர் உயிரும் தன் வினைப்பயனைத் தானே அனுபவித்துத் தீர்க்க வேண்டும். இடையில் உயிரைப் பறிப்பது அந்தப் பயனைத் தள்ளிப்போடுமேயன்றி நீக்காது, பறித்தவருக்கோ புதுவினை சேரும். உண்ணாநோன்பிருந்து உயிர் துறக்கும் சல்லேகனை சமணத்தில் உயர்ந்த நிலையில் வைத்து எண்ணப்படுகிறதே என்றால், அது தெளிந்த அறிவோடு தானே மேற்கொள்ளும் நோன்பு. வேறொருவர் செய்துவைக்கக் கூடியதன்று.

ஐரோப்பாவில் நிலைமை தலைகீழ். அங்கே நகரப் போக்குவரத்தும் உழவும் குதிரையை நம்பியிருந்தன. கால் முறிந்த குதிரையைச் சுட்டுவிடுவது வழக்கம். இதில் கொடுமை மட்டுமே இருந்ததாகக் கொள்வது சரியன்று. குதிரை தன் பெரும் எடையை மூன்று கால்களில் தாங்கி நிற்க நேர்ந்தால், எதிர்க்காலின் குளம்புக்குள் அழற்சி கண்டு அந்தக் காலும் கெடும். நெடுநேரம் படுத்துக் கிடந்தாலோ உடலின் எடையே தசைகளை நசுக்கும். ஆகவே குதிரையைப் பொறுத்தவரை ஊனமும் தீராத வேதனையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. குதிரையிடம் கற்ற இந்தப் பாடத்தை, மூன்று காலில் தாராளமாக ஓடக்கூடிய நாய்க்கும் ஆட்டுக்கும் பூனைக்கும் அப்படியே நீட்டியதில்தான் தவறு நேர்ந்தது. பின்னர் அது ஊனத்தையும் தாண்டி, ஆளில்லாத விலங்குக்கும் நீண்டது. 1860இல் லண்டனில் தொடங்கப்பட்டு, 1871இல் பாட்டர்சீ பகுதிக்கு மாறிய நாய்கள் இல்லத்தில், யாரும் தேடிவராத நாய்களை வலியின்றிக் கொல்வதற்காக, மருத்துவர் பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன் வடிவமைத்த வாயு அறை 1884இல் நிறுவப்பட்டது. 1939 செப்டம்பரில் போர் மூண்ட முதல் வாரத்தில் லண்டன் மக்கள் தாங்களே கொண்டுவந்து கொடுத்துக் கொல்லச் செய்த நாய்களும் பூனைகளும் ஏறத்தாழ 4 லட்சம் என வரலாற்றாசிரியர் ஹில்டா கீன் எழுதுகிறார். அவற்றில் பெரும்பாலானவை நோயோ ஊனமோ இல்லாதவை. வலியின்றிக் கொல்லும் வழி எளிதாகிவிட்ட இடத்தில், ஏன் கொல்ல வேண்டும் என்ற கேள்வி தளர்ந்துவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இவ்விரு மரபுகளும் இந்திய மண்ணில் நேருக்கு நேர் மோதிய முதல் பெரிய நிகழ்வு 1832 ஜூன் மாதம் பம்பாயில் நடந்தது. தெருநாய்களைக் கொல்ல அரசு பிறப்பித்த ஆணையை நிறைவேற்ற வந்த காவலரை, நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் தாக்கினர். கடைகள் அடைக்கப்பட்டன, கோட்டைக்குள் உணவுப்பொருள் செல்வது தடைப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1834இல், பார்சி வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் சமண வணிகர் மோதிஷாவும் முன்னின்று பம்பாய் பிஞ்சராபோலைத் தொடங்கினர். கொல்வதற்கு மாற்றாக ஓர் இடம் காட்டினால் அரசும் இறங்கிவரும் என்பதை அந்த வணிகர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

அகமதாபாத்தில் பிரச்சினை வேறு வடிவில் எழுந்தது. 1926இல் அந்நகர ஆலை முதலாளி ஒருவர், தம் ஆலை வளாகத்தில் சுற்றித் திரிந்த வெறிநாய்கள் உள்ளிட்ட 60 நாய்களைக் கொல்லச் செய்தார். அதற்கு எதிர்ப்பு கிளம்பியபோது, வேறு வழியில்லை என்று காந்தி அவர் பக்கம் நின்றார். யங் இந்தியா இதழில் அவர் தொடர்ந்து எழுதிய கட்டுரைகளில், தெருவில் திரியும் நாய்க்கு எச்சில் சோறு போடுவது தயையாகாது, வளர்ப்பதென்றால் ஒழுங்காக வளர்க்க வேண்டும் என்று வாதிட்டார். ஆயினும் அந்த விவாதம் நாயின் வேதனையைப் பற்றியதன்று. நாயால் மனிதர்க்கு வரும் ஆபத்தைப் பற்றியது. விலங்கின் வேதனை மட்டுமே பொருளாக அமைந்த வழக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து அவருடைய ஆசிரமத்திலேயே வந்தது.

சபர்மதி ஆசிரமத்துக் கன்று ஒன்று ஊனமுற்றுக் கிடந்தது. இயன்ற சிகிச்சையும் பணிவிடையும் செய்யப்பட்ட பின், இனி நம்பிக்கையில்லை என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். புரண்டு படுப்பதற்குக்கூட அது பெரும் வேதனைப்பட வேண்டியிருந்தது. கால்நடை வளர்ப்போர் அறிந்த நிலைதான் இது: எழ முடியாத மாட்டைச் சில மணிக்கொரு முறை மறுபக்கம் புரட்டிவிடாவிட்டால், தரையில் அழுந்தும் தசை இரத்த ஓட்டமின்றிக் கெட்டுப் புண்ணாகும், புரட்டுவதே தாங்க முடியாத வலியாகிவிட்டால், பணிவிடையும் துன்புறுத்தலாக மாறிவிடுகிறது. காந்தி ஆசிரம நிர்வாகக் குழுவினரோடும் மற்றவர்களோடும் கலந்து பேசினார். உயிரைப் படைக்க முடியாத மனிதனுக்கு அதைப் பறிக்கும் உரிமையும் இல்லை என்று ஒருவர் வாதிட, தன்னலத்துக்காகப் பறிக்கும்போதுதான் அந்த வாதம் பொருந்தும், இங்கு அப்படியில்லை என்பது காந்தியின் விடையாக இருந்தது. இறுதியில் அவர் உடனிருக்க, மருத்துவர் நஞ்சு ஊசி செலுத்தினார். இரண்டு நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்தது.

நவஜீவன் இதழில் குஜராத்தியிலும், 1928 அக்டோபர் 4ஆம் நாளிட்ட யங் இந்தியாவில் ஆங்கிலத்திலும் அவர் இதை வெளிப்படையாக எழுதியதும் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அகமதாபாத் நகரத்து மக்கள் கருத்து தமக்கு எதிராக இருக்கும் என்பது அவருக்கு முன்பே தெரியும். அவர் கூறிய காரணம் நேரானது: நோயாளியின் உடலில் கத்தி வைக்கும் அறுவை மருத்துவர் ஹிம்சை செய்பவரல்லர், ஏனெனில் அவருடைய நோக்கம் வலியைப் போக்குவது, அதே நோக்கத்தை நிறைவேற்ற வேறெந்த வழியும் இல்லாதபோது, உடலிலிருந்தே உயிரை விடுவிப்பதும் அஹிம்சையே ஆகலாம். வெறிநோய் கண்டு மாற்று மருந்தின்றித் தவிக்கும் தம் குழந்தையாக இருந்தாலும் இதையே கடமையாகக் கொள்வதாக அவர் எழுதியது, பலரைக் கன்றின் சாவைவிட அதிகமாகக் கலங்கடித்தது.

தொடர்ந்து வந்த வினாக்களுக்கு விடையளிக்கையில் அவர் வகுத்த நிபந்தனைகளே இந்த வரலாற்றில் முதன்மையானவை. நோய் தீராததாக இருக்க வேண்டும். தொடர்புடைய அனைவரும் நம்பிக்கை இழந்திருக்க வேண்டும். எந்த உதவியும் பணிவிடையும் பயன்படாத நிலை வந்திருக்க வேண்டும். துன்புறும் உயிர் தன் விருப்பத்தைத் தெரிவிக்க இயலாததாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கொல்வது அஹிம்சையின் நோக்கில் நியாயமாகாது என்றார். இந்தப் பட்டியலில் ஊனம் இடம்பெறவில்லை என்பதைக் கண்டித்தவர்களும் பாராட்டியவர்களும் ஒருங்கே கவனிக்கத் தவறினர். அந்தக் கன்று நொண்டியாக, ஆனால் வலியின்றி, புல் மேய்ந்துகொண்டு இருந்திருந்தால், மூன்றாம் நிபந்தனையே அதைக் காப்பாற்றியிருக்கும். பணிவிடையால் தணியும் துன்பம் எவ்வளவு சுமையாக இருந்தாலும், அதைச் செய்பவரின் சலிப்பு காரணமாகக் கணக்கில் வராது. பிஞ்சராபோலின் பழைய விடையை அவர் தள்ளிவிடவில்லை. அது நின்ற இடத்திலிருந்து ஓரடி முன்னே எடுத்து வைத்தார். அவரை மேற்கத்திய முறைக்கு மாறிவிட்டவர் என்று பழித்தவர்கள் இந்த வேறுபாட்டைக் காணவில்லை என்றே சொல்ல வேண்டும்.

சுதந்திர இந்தியாவின் சட்டம் உருவானதில் சென்னைக்கு நேரடிப் பங்குண்டு. 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட கலாக்ஷேத்திர நிறுவனர் ருக்மிணி தேவி அருண்டேல், விலங்குவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே முழுமையான மசோதா கொண்டுவரும் என்று பிரதமர் நேரு அளித்த உறுதிமொழியின் பேரில் அதைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவாக வந்ததே 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அச்சட்டத்தின்கீழ் அமைந்த விலங்கு நல வாரியம் 1962இல் ருக்மிணி தேவியின் தலைமையில் சென்னையில் செயல்படத் தொடங்கியது. சட்டத்தின் 13ஆம் பிரிவு, உயிரோடு வைத்திருப்பதே கொடுமையாகும் நிலை ஒன்று உண்டு என்பதை வெளிப்படையாக ஏற்கிறது. அகற்ற இயலாத அளவுக்குக் காயமுற்ற விலங்கைக் காணும் காவல் அதிகாரி, உரிமையாளர் இல்லாதபோதோ இசைய மறுக்கும்போதோ கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். அவர் சான்றளித்து, நீதித்துறை நடுவரின் ஆணையும் கிடைத்த பின்னரே உயிர் நீக்கலாம். இதயத்தில் ஸ்ட்ரிக்னின் ஊசி செலுத்திக் கொல்வதை 11ஆம் பிரிவு குற்றமாக்கியது. தெருநாய்கள் தொடர்பான 2001ஆம் ஆண்டு விதிகள் இன்னும் நுணுக்கமாகச் சென்று, தீராத நோயோ உயிர்போகும் காயமோ உற்ற நாயை மருத்துவரே மயக்க மருந்தால் முடிக்க வேண்டும், அதை வேறொரு நாயின் கண்ணெதிரே செய்யக் கூடாது, அப்புறப்படுத்தும் முன் இறந்ததை உறுதி செய்ய வேண்டும் என்றன. வீட்டு விலங்கின் உரிமையாளர் தாமே கொண்டுவந்து கேட்கும் நிலையில், முடிவு பெரும்பாலும் மருத்துவரின் மனச்சாட்சிக்கே விடப்பட்டிருக்கிறது.

அந்த மனச்சாட்சிக்குத் துணையாக இன்று பல நாட்டு மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோலை, விலங்குப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் அமெரிக்காவில் வகுத்தார். வலி, உணவு, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுதியாக இருத்தல் என்னும் ஏழு கூறுகளுக்கும் பத்துக்கு இவ்வளவு என மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகை 35ஐத் தாண்டினால் பராமரிப்பைத் தொடரலாம் என்பது அதன் முறை. நடமாட்டம் ஏழில் ஒன்று மட்டுமே. எனவே பின்னங்கால்களை இழந்து சக்கர வண்டியில் நகரும் நாய் அதில் சுழியம் பெற்றாலும், வலியடங்கி, உண்டு, வாலாட்டாவிட்டாலும் குரைத்து வரவேற்கும் நிலையில் இருந்தால் எளிதாகத் தேறிவிடும். குதிரையிடமிருந்து நாய்க்கு நீண்டுபோன பழைய பிழையை இக்கணக்கு திருத்துகிறது. ஊனத்துக்கும் வேதனைக்கும் தனித்தனிக் கட்டம் போடுகிறது.

அளவுகோலில் இடம்பெறாத கூறு ஒன்று உண்டு, அது செலவு. முதுகுத்தண்டு கெட்ட நாய்க்கு ஒரு நாளில் பல முறை அடிவயிற்றைக் கையால் அழுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். புண்ணைக் கழுவ வேண்டும். இருவரும் வேலைக்குப் போகும் ஒரு குடும்பத்தில், மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடியில், தூய்மைக்கும் மகிழ்ச்சிக்கும் உரிய மதிப்பெண்கள் இந்தக் காரணத்தாலேயே குறைந்துவிடுகின்றன. விலங்கின் நிலையாகப் பதிவாகும் எண்ணில், வீட்டின் வசதிக்குறைவும் சேர்ந்தே எழுதப்படுகிறது. லாகா வசூலித்த நகரங்களில் இந்தச் சுமை தனிவீட்டின் தலையில் விழவில்லை. சென்னை அயனாவரத்து மதராஸ் பிஞ்சராபோல் உட்பட, இன்று எஞ்சியுள்ள காப்பகங்களில் பெரும்பாலானவை மாடுகளுக்கானவையாகச் சுருங்கிவிட்டன. தெருநாய்க் கலவரத்தை அடுத்துப் பம்பாயில் ஒரு காப்பகத்தைத் தோற்றுவித்த அதே மரபின் வழித்தோன்றல்களில், நடக்க இயலாத நாய்க்கு இடம் கேட்டால் கிடைப்பது அரிது.